மேசைப்பந்து பிளேடை எடைபோடுவது எப்படி? வேகம், கட்டுப்பாடு, கையுணர்வு

மேசைப்பந்து பிளேடுகளின் பட்டியல் எதைத் திறந்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மதிப்பெண்கள் இருக்கும். வேகம் இவ்வளவு, கட்டுப்பாடு இவ்வளவு, கையுணர்வு இவ்வளவு. பிள்ளைக்கு முதல் மட்டை வாங்க வரும் பெற்றோர் மூன்றையும் கூட்டிப் பார்த்து, எது அதிகமோ அதை எடுக்கிறார்கள். ஆனால் இவை மூன்று தனித்தனிக் குணங்கள் அல்ல. வேகமும் கையுணர்வும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும். ஒன்று ஏறினால் மற்றது பெரும்பாலும் இறங்கும். கட்டுப்பாடு அந்தப் புத்தகத்திலேயே இல்லை. அது ஆடுபவரின் கைவீச்சைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியவரும். இது புரிந்துவிட்டால் பட்டியலில் உள்ள எண்களைப் பாதி நம்பினால் போதும். மீதியை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மட்டையின் இரண்டு பக்க ரப்பரையும் உரித்துவிட்டால் மிஞ்சும் மரப்பகுதிதான் பிளேடு. பார்க்க ஒரே பலகை போலிருந்தாலும் விளிம்பை உற்றுப் பாருங்கள், மெல்லிய மரத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பது தெரியும். பெரும்பாலும் 5 அடுக்கு, அல்லது 7 அடுக்கு. மட்டையைப் பேனா போலப் பிடித்து ஆடும் ஜப்பானியப் பேனாப்பிடிக்காரர்கள் விரும்பும் ஹினோக்கி மரப் பிளேடுகளில் ஒற்றை மரத்தில் செய்தவையும் உண்டு. கார்பன் பிளேடு என்றதும் முழுவதும் கார்பன் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். விதிப்படி பிளேடின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும். நடுவே வைக்கும் கார்பன் போன்ற நார் அடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காட்டையோ 0.35 மில்லிமீட்டரையோ, இரண்டில் எது சிறியதோ அதைத் தாண்டக்கூடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கையில் இருப்பது மரம்தான்.

இப்போது பந்து மோதும் கணத்துக்கு வருவோம். மற்ற எல்லாமே இங்கிருந்துதான் கிளைக்கிறது.

பந்தின் எடை 2.7 கிராம். அது மட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் ரப்பர் அமுங்குகிறது, பிளேடும் மிகச் சிறிதளவு பின்னோக்கி வளைகிறது. வளைந்தது திரும்ப வேண்டும். பிளேடு முன்னும் பின்னுமாக அதிரும் வேகம் பொதுவாக விநாடிக்கு 1000 முதல் 1500 தடவை. அதாவது ஒரு முழு அதிர்வுக்கு ஆகும் நேரமும் பந்து ஒட்டியிருக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நன்றாக வளையும் பிளேடு திரும்பி வருவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. திரும்பிவரும் விசை பந்துக்குக் கிடைக்காமல் மரத்திலேயே தங்கி, அதிர்வாக ஓடி, கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வருகிறது. விறைப்பான பிளேடு குறைவாக வளைவதால் பந்தின் சக்தியில் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. பந்து வேகமாகப் போகிறது, கைக்கு வருவது கொஞ்சம்தான்.

அதனால்தான் வேகமான பிளேடு கைக்கு ஊமையாகத் தெரிகிறது. தயாரிப்பில் குறை எதுவும் இல்லை. கைக்கு வரவேண்டிய அதிர்வு பந்தோடு வேகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

விறைப்பை முடிவு செய்வதில் முதலிடம் தடிமனுக்கு. ஒரே மரத்தில் செய்த தகட்டின் தடிமனைக் கூட்டினால் விறைப்பு அதன் கன அளவில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 5.5 மில்லிமீட்டர் பிளேடை 6 மில்லிமீட்டராக்கினால் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விறைப்போ ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுகிறது. அளவு விவரத்தில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் தடிமனைப் பாருங்கள். அடுத்தது வெளி அடுக்கு. வளையும்போது அதிகம் இழுபடுவதும் அமுங்குவதும் மேற்பரப்பை ஒட்டிய தகடுகள்தான். நடு அடுக்கு அவற்றைத் தள்ளிப் பிடித்து நிற்கும் வேலையைச் செய்கிறது. ஆகவே நடுவில் அயூஸ், கிரி போன்ற இலகுவான மரங்களை வைத்து எடையைக் குறைக்கிறார்கள். வெளியே லிம்பா மரம் இருந்தால் தொடுகை சற்று மென்மை, கோட்டோ இருந்தால் கடினம், ஹினோக்கி இருந்தால் மென்மையோடு ஒரு தனித் துள்ளல்.

நார் அடுக்கு எங்கே இருக்கிறது என்பதற்கும் இதே கணக்குதான். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா பிளேடில் அரைலேட் கார்பன் நார் மேல் தகட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. மெதுவாகத் தொட்டாலும் அதன் துடிப்பு தெரியும். டிஎச்எஸ் நிறுவனத்தின் ஹரிக்கேன் லாங் 5 பிளேடில் அது நடு அடுக்கை ஒட்டி உள்ளே இருக்கிறது. மெல்லத் தொட்டால் மரப் பிளேடு போல அடங்கியிருக்கும், ஓங்கி அடித்தால் கார்பன் விழித்துக்கொள்ளும். இரண்டிலும் நார் ஏறக்குறைய ஒன்றே; இடம் மாறியதும் குணம் மாறிவிடுகிறது.

கையுணர்வுக்குப் போகும்முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதிர்வு கையில் பட்டு மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் பந்து மட்டையை விட்டுப் போயிருக்கும். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எந்த மனிதனாலும் எதையும் உணர்ந்து திருத்த முடியாது. ஆக, கையுணர்வு அந்த அடிக்கு உதவுவதில்லை, அடுத்த அடிக்குத்தான் உதவுகிறது. பந்து நடுவில் பட்டதா, நுனியில் பட்டதா, சரியாக உரசியதா, தட்டையாக மோதியதா என்ற சேதியைக் கை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான பந்துகளுக்குப் பிறகு அந்தச் சேதிகள்தான் பழக்கமாகின்றன. ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விறைப்பான பிளேடைக் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இதுதான் என் கணக்கில் முதல் காரணம். வேகம் இரண்டாவது காரணம். தவறாகப் பட்டதைச் சொல்லாத பிளேடில் தவறு திருந்தாது.

காதும் இதில் சேர்த்தி. மட்டையின் ஓசை மாறினால் கையுணர்வே மாறிவிட்டதாக நமக்குத் தோன்றும். பூப்பந்துக்காரர்களின் கூச்சல் நிறைந்த டேவானில் (பொது மண்டபத்தில்) வெகு சாதாரணமாகத் தெரியும் பிளேடு, வீட்டில் தனியாகப் பந்தைத் தட்டும்போது அருமையாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். எடைபோடும் இடம் ஒன்றாகவே இருக்கட்டும்.

இனி கட்டுப்பாடு. மேசையின் நீளம் 2.74 மீட்டர், வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். வலையைத் தாண்டி மேசைக்குள் விழ வேண்டும். பந்தின் வேகம் கூடக்கூட, மட்டையின் கோணம் சற்றுத் தவறினாலும் தப்பிக்க இருக்கும் இடைவெளி சுருங்குகிறது. டாப்ஸ்பின், அதாவது பந்தின் முன்சுழற்சி, அந்த இடைவெளியை மறுபடி அகலமாக்கும். எனவே மெதுவான பிளேடில் கட்டுப்பாடு அதிகம் என்று பட்டியல்கள் எழுதுவது பொதுவாகச் சரி. ஆனால் அது ஒரே ஒரு வகை ஆட்டக்காரருக்குப் பொருந்தும் சரி.

கோலாலம்பூரின் எந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) டேவானுக்குப் போனாலும் இரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய அங்கிள். மேசையை விட்டு நகரமாட்டார். எதிராளி எவ்வளவு ஓங்கி லூப் (பந்தை உரசி முன்சுழற்சியோடு அனுப்பும் அடி) அடித்தாலும் மட்டையை ஓர் அங்குலம் முன்னே வைத்து பிளாக் செய்து, பந்தை மூலைக்கு அனுப்புவார். இன்னொருவன் இடைநிலைப்பள்ளி மாணவன். இடுப்பிலிருந்து சுழன்று முழு வீச்சில் அடிப்பவன். இருவரிடமும் ஒரே கார்பன் பிளேடைக் கொடுத்துப் பாருங்கள். அங்கிளுக்கு அது பிடித்துப்போகும். வீச்சே இல்லாததால் வேகத்தைப் பிளேடு தருகிறது, விறைப்பாக இருப்பதால் ஒவ்வொரு பிளாக்கும் ஒரே மாதிரி போகிறது. பையனின் பந்துகளோ மேசைக்கு வெளியே பறக்கும். அதே பையன் 5 அடுக்கு மரப் பிளேடை எடுத்தால் முழு வீச்சையும் பயமில்லாமல் வீசுவான். அங்கிள் அதே பிளேடில் பந்து செத்துவிட்டது என்பார். கட்டுப்பாடு எத்தனை மதிப்பெண் என்று இந்த இருவரையும் கேட்டால் எந்த எண்ணை நம்புவது?

பழைய எண்களை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டு உலகக் குழுப் போட்டி கோலாலம்பூரில் நடந்தபோது ஆண்கள் இறுதியாட்டத்தில் சுவீடன் சீனாவை வென்றது. அப்போது பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டர்; அதே ஆண்டு அக்டோபரில் 40 ஆனது. 2008இல் ரப்பரைத் துடிப்பாக்கிய கரைப்பான் பசைகள் தடை செய்யப்பட்டன. 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. 2016இல் உலகக் குழுப் போட்டி திரும்ப இங்கே, ஷா ஆலாம் மெலாவாத்தி அரங்கில் நடந்து, சீனா இரு பிரிவிலும் வென்றபோது ஆடிய பந்து வேறு, ஒட்டிய பசை வேறு. சுழற்சியும் வேகமும் குறைந்த இந்தப் பந்துக்கு, அன்று மிக வேகம் என்று பெயரெடுத்த பிளேடுகள் பல இன்று நிதானமாகத் தெரிகின்றன. டெஃப் (தற்காப்பு), ஆல் (எல்லாவகை), ஆஃப் (தாக்குதல்) என்று போடும் முத்திரைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறுபடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு பிளேடுகளை ஒப்பிட அவை உதவும், அதற்கு மேல் இல்லை.

சரி, கையில் ஒரு பிளேடு கிடைத்தால் எப்படிச் சோதிப்பது?

ரப்பர் ஒட்டாத வெறும் பிளேடு என்றால் முதலில் சமையலறைத் தராசில் வையுங்கள். ஒரே மாதிரிப் பெயர் போட்ட இரண்டு பிளேடுகள் சில கிராம் வேறுபடுவது சாதாரணம், மரம் அப்படித்தான். பெரும்பாலானவை 80 முதல் 95 கிராமுக்குள் இருக்கும். தொடங்குபவருக்கு 90க்குக் கீழே இருப்பது நல்லது, ரப்பர் சேரும்போது எடை இரட்டிக்கும். பிறகு கைப்பிடியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக் காதருகே கொண்டுவந்து, நடுவில் ஒரு பந்தைத் துள்ள விடுங்கள். ‘டிக்’ என்று மேல்சுருதியில் ஒலித்தால் விறைப்பு. ‘டொக்’ என்று இறங்கி ஒலித்தால் வளைவு. கைபேசியில் ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவற்றால் இதை எண்ணாகவே பார்க்கலாம். கனமான பிளேடு அதே விறைப்பிலும் சற்றுக் கீழ்ச்சுருதியில் ஒலிக்கும், ஆகவே ஒலியையும் எடையையும் சேர்த்தே படியுங்கள்.

அடுத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் பந்தைப் போட்டுக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் ஓசை மங்கி, கைப்பிடியில் ஒரு நடுக்கம் தெரியும். அதுவரை உள்ள வட்டம்தான் பந்து நன்றாகப் படும் பரப்பு. மரப் பிளேடுகளில் இந்த வட்டம் சிறியது, நார் பிளேடுகளில் பெரியது. நார் பிளேடுகளுக்கு ஆதரவாக நான் மனதாரச் சொல்லும் விஷயம் வேகம் அல்ல, இந்தப் பரப்புதான்.

மேசையில் சோதிக்கும்போது தவறாமல் நடக்கும் பிழை ஒன்று: நண்பரின் மட்டையை வாங்கி இரண்டு பந்து அடித்துவிட்டு ‘இந்த பிளேடு சூப்பர்’ என்று முடிவெடுப்பது. அவர் ஒட்டியிருக்கும் ரப்பர் வேறு. நீங்கள் ருசி பார்த்தது ரப்பரை. பந்தின் சுழற்சியில் ரப்பரின் பங்கு பிளேடின் பங்கைவிடப் பெரியது. ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே ரப்பர் ஜோடியை, ஒரே தடிமனில் உள்ளதை, இரண்டு பிளேடிலும் மாற்றி ஒட்டிப் பாருங்கள். நீர்ப்பசை முழுதாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். முடிந்தால் இரண்டு கைப்பிடியிலும் ஒரே நிறத் துணி நாடாவைச் சுற்றி, பெயர் தெரியாமல் செய்துவிடுங்கள். விலை தெரிந்த மட்டை எப்போதும் நன்றாகவே அடிக்கும்.

அடிகளின் வரிசை முக்கியம். எல்லோரும் ஸ்மாஷில் தொடங்குகிறார்கள். ஓங்கி அடித்தால் எந்த பிளேடும் வேகமாகத்தான் போகும். அதில் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. மெதுவான அடியில்தான் பிளேடு தன்னைக் காட்டும்.

ஓர் ஏ4 தாளை எதிர்ப்பக்கத்தில் வலைக்கு அருகே வையுங்கள். கூட ஆடுபவரைக் குட்டையாக, பின்சுழற்சியோடு பந்து போடச் சொல்லி, குட்டை புஷ்ஷாலேயே (பந்தின் அடியை மெல்ல உரசித் தள்ளும் அடி) அந்தத் தாளைக் குறிவையுங்கள். இருபது பந்து. எத்தனை தாளில் விழுந்தது என்பதை விட, தவறியவை எங்கே விழுந்தன என்று பாருங்கள். தவறிய எல்லாம் தாளுக்குப் பின்னால் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் கவலை வேண்டாம். பிளேடு உங்கள் பழக்கத்தைவிட வேகம், அவ்வளவுதான், கை ஓரிரு வாரத்தில் சரிசெய்துகொள்ளும். ஒன்று வலையில், ஒன்று மேசை நுனியில், ஒன்று பக்கவாட்டில் என்று சிதறியிருந்தால் அந்த பிளேடு உங்கள் கைக்கு ஒரே பதிலைத் தருவதில்லை. கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

அதன்பின் பிளாக். எதிராளி மெதுவாக ஒரு லூப், வேகமாக ஒரு லூப் என்று மாற்றி மாற்றி அடிக்கட்டும். பிளேடு வெளிநாட்டு வீரர்கள் கையில் இருப்பதா இல்லையா என்பதை மறந்துவிட்டு, பந்து எதிர்ப்பக்கம் விழும் ஆழம் எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு பின்சுழற்சிப் பந்துக்கு எதிராக மெதுவான லூப். மட்டை பந்தை ஒரு கணம் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்புவது போலிருந்தால், மேலே தூக்கி உரச நேரம் கிடைக்கிறது என்று பொருள். கடைசியில் அரை வீச்சு, முக்கால் வீச்சு, முழு வீச்சு என்று மூன்று படிகளில் முன்கை (ஃபோர்ஹேண்ட்) டாப்ஸ்பின் அடியுங்கள். வேகம் மூன்று படிகளிலும் சமமாக ஏறுகிறதா, இல்லை மூன்றாம் படியில் திடீரென்று தாவுகிறதா? சமமாக ஏறினால் கற்பவருக்கு ஏற்றது. தாவினால் அந்தத் தாவலை எப்போது எழுப்ப வேண்டும் என்று தெரிந்தவருக்கு ஏற்றது.

முதல் நாள் தீர்ப்பு எப்போதும் பழைய மட்டையைப் போலிருக்கும் பிளேடுக்கே சாதகமாக வரும். சில வாரமாவது கையில் பழகட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஆடவரும் பையன் ஒருவன், “அங்கிள், கார்பன் வாங்குனா சீக்கிரமா முன்னுக்கு வந்துருவேனா?” என்று கேட்டான். “முதல்ல உன் பந்து எங்க பட்டுச்சுன்னு உன் கைக்குத் தெரியட்டும்பா, அப்புறம் பார்க்கலாம்” என்றேன். ஆடத் தொடங்கி ஓரிரு ஆண்டு ஆனவர் யார் கேட்டாலும் என் பதில் 5 அடுக்கு முழு மரப் பிளேடுதான். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக், யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா, பட்டர்ஃபிளை பிரிமோராட்ஸ் மூன்றுமே பல ஆண்டுகளாகச் சந்தையில் நிற்பவை. விஸ்காரியாவுக்குக் கொடுக்கும் பணத்தில் இவற்றில் ஒன்றையும் நல்ல ரப்பர் ஜோடியையும் வாங்கி, மிச்சத்தைப் பயிற்சிக்குச் செலவழிக்கலாம். முழு வீச்சில் அடித்தும் பந்து எதிராளியைத் தாண்டவில்லை என்ற நிலை வந்தபின் 7 அடுக்கு ஸ்டிகா கிளிப்பர் பக்கமோ, உள்நார் பிளேடு பக்கமோ போகலாம். பெயர்பெற்ற பிளேடுகளுக்குப் போலி நிறைய உண்டு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஐரோப்பாவிலோ வட சீனாவின் குளிர்காலத்திலோ எழுதிய மதிப்புரையில் இருக்கும் பிளேடும், அடிக்கடி சாயங்காலம் மழை கொட்டும் கோலாலம்பூரில் அதே பிளேடும் ஒன்றல்ல. ஈரம் ஏறினால் பிளேடு சில கிராம் கனக்கும், விறைப்பு குறையும், தட்டினால் சுருதி இறங்கும். ஆட்டம் முடிந்து வியர்வையில் நனைந்த கைப்பிடியோடு மட்டையை உறைக்குள் அடைத்துவிடாமல், துடைத்து, அரைமணி நேரம் காற்றாட வைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள். காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயில் சூடு பசையையும் ரப்பரையும் சேர்த்துக் கெடுக்கும். லிம்பா போன்ற மென்மையான மேல்தகடு உள்ள பிளேடில் ரப்பரை உரிக்கும்போது மரநார் கூடவே பெயர்ந்து வரும். முதல் தடவை ரப்பர் ஒட்டுமுன் நீர்வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சாகத் தடவிக் காயவிட்டால் அது குறையும். தடித்துப் பூசினால் தொடுகையே கடினமாகிவிடும், ஒரு பூச்சு போதும். வாங்கிய அன்றே வெறும் பிளேடின் எடையையும் தட்டிய ஒலியின் அலைவெண்ணையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து ரப்பர் மாற்றும்போது மறுபடி அளந்தால், மாறியது பிளேடா உங்கள் கையா என்று தெரிந்துவிடும்.